தொடர்மாடி வாசலில் காவற்கூடம் அமைத்தல்: கொழும்புக்கான முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் பகல் பதினொரு மணியளவில் நடந்து சென்றால் ஒரே காட்சி திரும்பத் திரும்பக் கண்ணிற்படும். தொடர்மாடியின் கேற்றுக்கு அருகில் கண்ணாடியும் அலுமினியமுமாக ஒரு காவற்கூடம் நிற்கும். அதற்குள் எவரும் இருக்கமாட்டார். காவலாளி பத்தடி தள்ளி, மாமர நிழலிலோ அயல்வீட்டு மதிலின் நிழலிலோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அமர்ந்திருப்பார். அவரைக் கண்டிக்க வேண்டும் என்று கூட்டங்களில் பேசப்படுவதுண்டு. உண்மையில் கண்டிக்கப்பட வேண்டியவர்கள் அந்தக் கூடத்தைக் கட்டியவர்களே. அவர்களுள் நானும் ஒருவன். எங்கள் தொடர்மாடியின் முகாமைத்துவக் குழுவில் செயலாளராக இருந்த காலத்தில் ஒரே வாசலில் இரண்டு முறை காவற்கூடம் கட்டினோம். முதலாவது, இரவுக் கூட்டமொன்றில் ஒரு தாளின் பின்பக்கத்தில் கீறப்பட்ட படத்தைக் கொண்டு எழுந்தது. மூன்றாம் மாதமே நாற்காலி வெளியே வந்துவிட்டது. இரண்டாவது இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அந்த இரண்டு அனுபவங்களுக்கும் இடையில் கற்றுக்கொண்டவற்றை, கட்டும் ஒழுங்கிலேயே கீழே தருகிறேன்.

முதலாம் படி: கட்டுவதற்கு முன் மூன்று நாட்கள் பார்த்திருத்தல்

காவற்கூடம் என்பது ஒருவர் அமர்ந்து பார்ப்பதற்கும் கேட்பதற்கும் வருவோருடன் பேசுவதற்கும் கட்டப்படுவது. ஆகவே எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரியாமல் அதை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க முடியாது. கூடம் வரக்கூடும் என்று நினைக்கும் இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக் காவலாளியை மூன்று நாட்கள் அங்கே இருக்கச் சொல்லுங்கள். அவற்றுள் ஒன்றாவது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். நீங்களும் காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, பாடசாலை விடும் நேரத்தில் ஒரு தடவை, இரவு இரண்டு மணிக்கு ஒரு தடவை அதே நாற்காலியில் கால்மணி நேரம் இருந்து பாருங்கள்.

பெரிய கேற், ஆட்கள் நுழையும் சிறிய கேற், மின்தூக்கியின் கதவு, கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்கும் சரிவு, மின்பிறப்பாக்கி அறை, பின்மதிலுக்குப் போகும் நடைவழி ஆகியவற்றுள் எவை அந்த நாற்காலியிலிருந்து தெரிகின்றன, எவை மறைகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாமே தெரியும் இடம் என்று ஒன்று கிடைப்பது அரிது. பத்துப் பேர்ச் காணியில் எட்டு மாடி எழுப்பிய இடங்களில் தூண்களும் வாகனங்களும் எப்படியும் பார்வையை மறைக்கும். அப்போது கேற், சிறிய கேற், மின்தூக்கி ஆகிய மூன்றும் நேர்ப்பார்வையில் அமையுமாறு பார்த்துக்கொண்டு, எஞ்சியவற்றைக் குவிந்த கண்ணாடிக்கும் சிசிடிவி கமெராவுக்கும் விட்டுவிடலாம். அந்த மூன்றையும் கமெராவுக்கு விட்டுவிட்டுக் கூடத்தை ஒரு மூலைக்குள் தள்ளுவது பெருந்தவறு. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் விரைவில் சலித்துவிடும். வாசலைப் பார்க்கும் கண் அவ்வளவு எளிதில் சலிப்பதில்லை, ஏனெனில் வாசலில் எப்போதும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும்.

கொழும்புக் கோட்டைப் பகுதியில், பிரிஸ்டல் வீதியில் டெல்ஃப்ற் வாயிலின் எச்சம் இன்னும் நிற்கிறது. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து நகரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அமைத்த கோட்டையின் வாயில் அது. 1796இல் வந்த ஆங்கிலேயர், 1869இல் தொடங்கி அந்தக் கோட்டையின் மதில்களை இடித்தார்கள். அந்தக் காலத்துக் காவலருக்கு மதிலின் தடிப்பே பாதிப் பாதுகாப்பாக இருந்தது. நம்முடைய மதில் ஆறடிதான். ஆகவே நம் காவலாளி கண்ணாலும் காதாலும்தான் காக்க வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டை மறந்தவர்களே இன்றும் சிறு கோட்டை போன்ற இருண்ட கூடங்களைக் கட்டுகிறார்கள்.

இரண்டாம் படி: அனுமதி

சிறிய கட்டடந்தானே என்று அனுமதியைத் தவிர்க்க வேண்டாம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் பதிவான கட்டடங்களில் வாசற்பகுதி எல்லா உரிமையாளருக்கும் பொதுவானது. அங்கே எதைக் கட்டுவதற்கும் உரிமையாளர் அனைவரையும் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கூட்டத் தீர்மானம் எழுத்தில் இருக்கட்டும். அதன்பின், தகுதிபெற்ற கட்டடக் கலைஞர் ஒருவரைக் கொண்டு படம் வரைந்து, மாநகர சபையிடமும் தேவைப்படின் நகர அபிவிருத்தி அதிகார சபையிடமும் கேட்டறிந்து வேலையைத் தொடங்குங்கள். கூரையின் தாழ்வாரம் எல்லையைத் தாண்டி நடைபாதைக்கு மேல் நீளக்கூடாது. கழிவுநீர்க் குழியின் மூடியின் மேலோ, வீதிக்கான அகலிப்புக் கோட்டுக்குள்ளோ அத்திவாரம் வரக்கூடாது. எங்கள் முதற் கூடம் ஒரு மூடியின் மேல் அரையடி ஏறி நின்றது. குழாய் அடைத்த அன்று தரையை உடைக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் படி: எந்தப் பக்கம்

நம் நாட்டில் வாகனம் இடப்பக்கமாகச் செல்கிறது, சாரதி வலப்பக்கம் அமர்கிறார். ஆகவே உள்ளே நுழையும் வாகனத்தின் வலப்பக்கத்தில் கூடம் இருந்தால், காவலாளி எழுந்து வெளியே வராமலேயே சாரதியின் முகத்தைப் பார்த்துப் பேசலாம். இடப்பக்கத்தில் வைத்தால், ஒவ்வொரு வாகனத்துக்கும் அவர் மழையில் இறங்கி முன்பக்கத்தைச் சுற்றி வர வேண்டும். சில நாட்களில் அவர் அதை விட்டுவிட்டுக் கையைக் காட்டி எல்லோரையும் உள்ளே விடத் தொடங்குவார். வெளியேறும் வாகனங்களுக்குக் கூடம் எதிர்ப்பக்கமாக அமைந்துவிடும் என்பது உண்மைதான். விசாரணை வேண்டியிருப்பது நுழையும்போதுதான் என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சிறிய கேற்றையும் அதே பக்கத்தில், கூடத்தின் யன்னலைத் தாண்டாமல் எவரும் உள்ளே போக முடியாதவாறு அமைத்துக்கொள்ளுங்கள்.

இடம் முடிவானதும் சுண்ணாம்புத் தூளால் தரையில் கூடத்தின் உருவைக் கீறி, கட்டடத்தில் உள்ள மிகப் பெரிய வாகனத்தை உள்ளே விட்டும் வெளியே எடுத்தும் பாருங்கள். அம்புலன்ஸ் வண்டியும் தீயணைப்பு வண்டியும் வர வேண்டிய வாசல் என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காம் படி: அளவும் உயரமும்

உட்புறம் 6 அடிக்கு 8 அடி என்பது, ஒருவர் பன்னிரண்டு மணிநேரம் இருக்கவும், கடமை மாறும் வேளையில் இருவர் நின்று பேசவும் போதிய அளவு. 4 அடிக்கு 4 அடியாகச் செய்து விற்கப்படும் ஃபைபர் கூடுகள் கட்டுமான வேலைத்தளங்களின் தற்காலிகத் தேவைக்குப் பொருந்தும். மக்கள் குடியிருக்கும் இடத்தில் நிரந்தரமாக வைக்க அவை ஏற்றவை அல்ல.

உயரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் ஒரு வாசலின் குணம் தீர்மானமாகிறது. போர்க்காலக் கொழும்பில் வாழ்ந்த தமிழர் எவருக்கும் ‘சென்றி’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும், அடையாள அட்டையை நீட்டிவிட்டு நாம் வெயிலில் நிற்போம். பேசுபவரின் முகம் நமக்குத் தெரியாது. அந்த அமைப்பை நம் வீட்டு வாசலில் நாமே மீண்டும் கட்டிக்கொள்ளத் தேவையில்லை. காவலாளியின் கண்ணும் வருபவரின் கண்ணும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் சந்திக்க வேண்டும். இருவருக்கும் இடையில் ஒரு சிறு பலகை இருந்தால் போதும்.

அதற்கான கணக்கு எளியது. நாற்காலியில் அமர்ந்த ஒருவரின் கண், தரையிலிருந்து ஏறத்தாழ 3 அடி 9 அங்குல உயரத்தில் இருக்கும். கூடத்தின் தரையை வெளித்தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தினால் அது 4 அடி 9 அங்குலமாகிவிடும். வெளியே நின்று பேசுபவரின் கண்மட்டத்துக்கு இது மிக அண்மையானது, வாகனத்துக்குள் இருக்கும் சாரதியைச் சற்றே மேலிருந்து பார்க்கவும் உதவும். யன்னலின் கீழ்விளிம்பை உள்தரையிலிருந்து இரண்டரை அடியில் வைத்தால் வெளியே அது மூன்றரை அடியாக வரும். பதிவேட்டில் கையொப்பமிட எவரும் குனிய வேண்டியதில்லை. யன்னலின் மேல்விளிம்பு ஆறரை அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். தரையை ஓர் அடி உயர்த்துவதால் கிடைக்கும் இன்னொரு பயனை ஒக்டோபர் மாதத்து மாலை மழையொன்றில் ஒழுங்கை ஓடையாகும்போது உணர்வீர்கள். ஏறுவதற்கு ஆறங்குலப் படிகள் இரண்டு போதும்.

ஐந்தாம் படி: வெயில், மழை, கடற்காற்று

கொழும்பு பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகற் சூரியன் நேராகத் தலைக்கு மேல் நிற்கும். மற்ற நாட்களிலும் அது வெகுதூரம் சாய்வதில்லை. ஆகவே ஒரு சிறு கட்டடத்தின் வெப்பத்தில் பெரும்பங்கு கூரை வழியாக இறங்குகிறது, அடுத்தது மாலையில் மேற்குச் சுவர் வழியாக வருகிறது. எங்கள் முதற் கூடத்துக்கு நான்கங்குலக் கொங்கிறீட் தட்டுக் கூரையும் மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடியும் இருந்தன. பகலெல்லாம் சூட்டைக் குடித்த அந்தத் தட்டு இரவு ஒன்பது மணிவரை அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் முறை, வெளிர்நிறத் தகட்டுக் கூரையின் கீழ் வெப்பம் தடுக்கும் விரிப்பைப் போட்டு, அதற்கும் கீழே காற்றோடும் இடைவெளி விட்டு உட்கூரை அமைத்தோம். தாழ்வாரத்தை நான்கு பக்கமும் இரண்டரை அடி நீட்டினோம். மேற்குச் சுவரை ஒன்பதங்குலச் செங்கல்லால் கட்டி, அதில் பார்வைக்குத் தேவையான சிறு யன்னல் ஒன்றை மட்டும் விட்டோம். உட்கூரைக்குச் சற்றுக் கீழே எதிரெதிர்ச் சுவர்களில் திறப்புகள் வைத்தால் சூடான காற்று தானாக வெளியேறும். அவற்றுக்கு நுளம்பு வலை அடிக்க மறக்க வேண்டாம். டெங்கு பரப்பும் நுளம்பு பகலிற் கடிப்பது. பகல் முழுவதும் அசையாமல் ஓரிடத்தில் இருப்பவர் காவலாளி. அதே காரணத்தால் கூரைப் பீலியில் சருகு அடைத்து நீர் தேங்கவும் விடக்கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஏணி வைத்துப் பார்ப்பார்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கடற்பக்கத்திலிருந்து சாய்த்து அடிக்கும். கதவு அந்தத் திசையைப் பார்க்காமல் இருப்பது நல்லது. மரைன் டிரைவிலும் அதற்கு அண்மையிலும் உள்ளவர்கள் இரும்புப் பிணைச்சல்களையும் ஆணிகளையும் அறவே தவிர்க்க வேண்டும். உப்புக்காற்று அவற்றை விரைவிலேயே தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகிலும் 304 தரத்தைவிட 316 தரம் கடற்காற்றைத் தாங்கும். சட்டங்களுக்கு, மேற்பூச்சுச் செய்யப்பட்ட அலுமினியம் போதும்.

குளிரூட்டி பொருத்தலாமே என்று எப்போதும் ஒருவர் கேட்பார். குளிரூட்டி வேண்டாம் என்பதே என் முடிவு. குளிரூட்டிக்காக யன்னலை மூடிய கணத்திலிருந்து காவலாளிக்குக் காது இல்லை. மதிலேறிக் குதிக்கும் ஓசை, மேல்தொட்டி நிரம்பி வழியும் ஓசை, மின்தூக்கிக்குள் சிக்கியவர் தட்டும் ஓசை என்று இரவுக் காவலின் பெரும்பகுதி கேட்பதால்தான் நடக்கிறது. சுவரில் ஒரு மின்விசிறியும் திறந்த யன்னலும் போதும்.

ஆறாம் படி: கண்ணாடியும் வெளிச்சமும்

இரவில் ஒளிமிகுந்த அறைக்குள் இருந்துகொண்டு இருட்டை நோக்கினால் கண்ணாடியில் நம் முகமே தெரியும். வெளியே நிற்பவனுக்கோ உள்ளே நடப்பதெல்லாம் துலக்கமாகத் தெரியும். பெரும்பாலான காவற்கூடங்கள் இரவில் இப்படித்தான் இயங்குகின்றன. ஆகவே உட்புறம் மங்கலாகவும் வெளிப்புறம் பிரகாசமாகவும் இருக்க வேண்டும். உட்கூரையில் குழல்விளக்குப் பொருத்தாமல், மேசைக்கு மேலுள்ள தட்டின் அடிப்பகுதியில் பதிவேட்டின் மேல் மட்டும் ஒளி விழுமாறு ஒரு சிறு விளக்கை வையுங்கள். வெளிவிளக்குகளைத் தாழ்வாரத்தின் விளிம்பில், கேற்றை நோக்கி, உள்ளிருப்பவரின் கண்ணிற்படாதவாறு திருப்பிப் பொருத்துங்கள்.

கண்ணாடியின் மேற்பக்கத்தை வெளிப்புறமாகப் பத்து முதல் பதினைந்து பாகை வரை சாய்த்துப் பொருத்தினால் பலன் இன்னும் கூடும். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரங்களில் காணும் சாய்வு இதுவே. அப்படிச் சாய்ந்த கண்ணாடியில் உள்ளிருப்பவருக்குத் தன் உருவத்துக்குப் பதிலாக உட்கூரையின் பிரதிபலிப்பே தெரியும். உட்கூரைக்குப் பளபளப்பற்ற கருஞ்சாம்பல் நிறம் பூசிவிட்டால் அதுவும் தெரியாது. மேசன் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார், சாய்ந்த சட்டத்துக்கு அலுமினிய வேலைக்காரர் கூலியைக் கூட்டிக் கேட்பார். கேற்றை நோக்கும் ஒரு பக்கத்துக்கு மட்டுமாவது இதைச் செய்யுங்கள்.

கறுப்புத் தாள் ஒட்டுவதைத் தடை செய்யுங்கள். பகலில் அது குளுமையாகத் தோன்றலாம். இரவில் காவலாளியைக் குருடாக்கும். வீதிப்பக்கக் கண்ணாடி, உடைந்தாலும் சட்டத்திலேயே ஒட்டி நிற்கும் அடுக்குக் கண்ணாடியாக இருக்கட்டும். வருவோருடன் பேசும் யன்னல் பக்கவாட்டில் வழுக்கித் திறப்பதாக இருந்தால், காற்றில் அடிபடாது.

ஏழாம் படி: மின்சாரம்

கூடத்துக்குத் தனிச் சுற்று ஒன்றைப் பொதுப் பலகையிலிருந்து கொண்டுவந்து, 30 மில்லி அம்பியரில் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சும் நிலத்தொடுப்பும் கொடுங்கள். மழைக்கால ஈரத்தில் நிற்கும் 230 வோல்ட் இணைப்பு இது. உரிமம் பெற்ற மின்னியலாளரைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மாலை இடிமின்னல் அதிகம் என்பதால் கமெராப் பதிவுப் பெட்டிக்கு மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் கருவி தேவை. 2022இன் நீண்ட மின்வெட்டுகளை எவரும் மறந்திருக்கமாட்டார். மின்பிறப்பாக்கி இயங்கத் தொடங்கும்வரை கமெரா, உள்ளழைப்புத் தொலைபேசி, ஒரு மின்குமிழ் ஆகியவை மின்கலத்தில் இயங்க வேண்டும். மோட்டாரால் இயங்கும் கேற்றாயின், அதைக் கையால் திறப்பதற்கான சாவி கூடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அதைத் திறக்கும் முறையை ஒவ்வொரு காவலாளியும் செய்து காட்ட வேண்டும்.

எட்டாம் படி: உள்ளே இருப்பவருக்கானவை

மலசலகூடம் இல்லாத காவற்கூடத்தைக் கட்ட வேண்டாம். 3 அடிக்கு 5 அடி இடம், ஒரு கைகழுவும் தொட்டி, வெளிப்புறமாகத் திறக்கும் கதவு. இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கதவு மேசைப் பக்கமாகத் திறக்காமல், கூடத்தின் பின்புறத்திலிருந்து நுழைவதாக அமையட்டும். இடமில்லை என்று சொல்லப்படும் தொடர்மாடிகளில் காவலாளி அரைக் கிலோமீற்றர் நடந்து சாப்பாட்டுக் கடையொன்றுக்குப் போகிறார். அந்த இருபது நிமிடமும் வாசல் திறந்து கிடக்கிறது.

முதுகைத் தாங்கும் நாற்காலி ஒன்று, நின்றும் சாய்ந்தும் பார்க்க உயரமான முக்காலி ஒன்று, உடைமைகளுக்குப் பூட்டுள்ள அலுமாரி, சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட மடக்கும் பலகை, குடிநீர் ஆகியன வேண்டும். நல்ல நாற்காலி கொடுத்தால் தூங்கிவிடுவார் என்பது கூட்டங்களில் அடிக்கடி எழும் அச்சம். காற்றில்லாத சூட்டறையும் தொடர்ந்து வரும் இரவுக் கடமைகளுமே தூக்கத்தைக் கொண்டுவருகின்றன என்பது நான் கண்டது. கோயில் வாசலில் நிற்கும் துவாரபாலகருக்கு இருக்கை வேண்டியதில்லை; ஊரிலிருந்து வந்து தங்கி வேலை செய்யும் அறுபது வயதுக்காரருக்கு வேண்டும். காவலாளியை ஒரு நிறுவனம் வழங்குவதாயின், 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்கள் சட்டத்தின் கீழ் அது பாதுகாப்பு அமைச்சில் பதிவானதா என்பதையும் இவ்வேளையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: பதிவேடு, சாவிகள், அறிவிப்புப் பலகை

வருவோரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிய பதிவேடு யன்னலோரத்தில் விரிந்து கிடப்பதைப் பல இடங்களில் காணலாம். அடுத்து வருபவர் முதல் வந்தவரின் விபரத்தையெல்லாம் வாசித்துவிட்டுத்தான் கையொப்பமிடுகிறார். தனிநபர் தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. மேசைக்குப் பூட்டுள்ள இழுப்பறை ஒன்றைச் செய்வித்து, அதில் பழைய பதிவேடுகளை வையுங்கள். நடப்புப் பதிவேட்டில் முன்னைய வரிகளை மறைக்க ஒரு தடித்த அட்டை போதும். சாவிகள் தொங்கும் பலகையும் யன்னலிலிருந்து தெரியாத சுவரில், கதவுள்ள பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

பார்சல்களுக்கும் சாப்பாட்டுப் பொதிகளுக்கும் ஒரு தட்டு வையுங்கள். இல்லாவிட்டால் அவை தரையை நிரப்பிவிடும். தூள் வகைத் தீயணைப்புக் கருவி ஒன்றைக் கதவருகில் மாட்டுங்கள். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, தீயணைப்பு 110 ஆகிய இலக்கங்களைக் கண்ணெதிரே பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

அறிவிப்புப் பலகை மூன்று மொழிகளிலும் இருக்கட்டும். சிங்களம் மட்டும் பேசும் காவலாளியும், யாழ்ப்பாணத்திலிருந்து முதன்முறையாகப் பிள்ளையைப் பார்க்க வந்த தாயும் யன்னலுக்கு இருபுறமும் திகைத்து நிற்பது எங்கள் பகுதியில் அன்றாட நிகழ்ச்சி. ‘எந்த வீட்டுக்கு?’, ‘சற்று இருங்கள், அழைத்துக் கேட்கிறேன்’ போன்ற ஏழெட்டு வசனங்களின் தமிழ் ஒலிப்பைச் சிங்கள எழுத்தில் எழுதி ஓர் அட்டையாக உள்ளே ஒட்டினோம். யன்னலுக்கு வெளியே, தாழ்வாரத்தின் கீழ், அப்படிக் காத்திருப்பவர் அமர ஒரு சிறு கொங்கிறீட் இருக்கையும் போட்டோம்.

பத்தாம் படி: பொறுப்பேற்கும் முன் சோதனை

ஒப்பந்தகாரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்க முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். தண்ணீர்க் குழாயால் மேற்குப் பக்கத்திலிருந்து சாய்வாகக் கால்மணி நேரம் அடித்துப் பதிவேட்டில் துளி விழுகிறதா என்று பாருங்கள். இரவு பத்து மணிக்கு உள்ளே இருந்து, கேற்றுக்கு வெளியே நிற்கும் ஒருவரின் முகத்தை அடையாளம் காண முடிகிறதா என்று பாருங்கள். பின்னர் பிரதான மின்னை நிறுத்தி, எவை இயங்குகின்றன, எவை நிற்கின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் கழித்துக் காவலாளிகளைத் தனித்தனியே கேளுங்கள். குழுவினர் முன்னிலையில் கேட்டால் எல்லாம் நன்று என்றுதான் சொல்வார்கள். எங்கள் இரண்டாவது கூடத்தைப் பற்றி இரவுக் காவலாளி ஒரே ஒரு குறைதான் சொன்னார்: நனைந்த குடையை மாட்ட இடமில்லை. கதவுக்கு வெளியே, தாழ்வாரத்தின் கீழ், 316 தர எஃகில் இரண்டு கொளுக்கிகள் அடித்துக் கொடுத்தோம்.